மூலைக் குழி ராஜா

காஸ்டிக் சோடாவுக்கு ஆள் தராதரம் கிடையாது. துணியின் மெழுகைத் தின்னச் சொல்லித் தொட்டியில் போட்டால், மெழுகையும் தின்னும், கொஞ்சம் துணியையும் தின்னும், பக்கத்தில் நிற்கிறவன் கையையும் விட்டுவைக்காது. ஊரிலிருந்த ஒரு சாயப்பட்டறையில் பதினேழு வருஷமாக அப்படிப் பக்கத்தில் நின்றவர் அண்ணன். அவரும் அவர் மனைவியும் தங்கையுமாக மூன்று பேர்தான் வீட்டில்.

தறியிலிருந்து வரும் பருத்தித் துணி அப்படியே சாயம் குடிக்காது. பஞ்சு காயிலிருக்கும்போதே மேலே படிந்த மெழுகு துணியிலும் ஒட்டிக்கொண்டு வரும். அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உள்ளே போகாமல் உருண்டையாக உட்கார்ந்திருக்கும். அந்த மெழுகைப் போக்கத்தான் துணியைக் காஸ்டிக் தண்ணீரில் போட்டு வேகவைப்பது. வெந்து வந்த துணியில் அண்ணன் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். சொட்டு சட்டென்று உள்ளே இறங்கினால் துணி தயார். உட்கார்ந்திருந்தால் திரும்பத் தொட்டிக்குப் போக வேண்டியதுதான்.

கையுறை கொடுத்திருந்தார்கள், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் கையுறைக்குள் ஒரு சொட்டு புகுந்துவிட்டால் வெளியே போக வழி தெரியாமல் அங்கேயே குடித்தனம் நடத்தும். விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. உப்புப் பட்டால் உயிர் போய் உயிர் வரும். அதனால் ஒரு வருஷமாக அவர் கரண்டியில்தான் சாப்பிடுகிறார்.

"துரைக்குக் கரண்டி வச்சாச்சா?" என்று அண்ணி தினமும் கேட்பாள். கேட்டுவிட்டு அவளே எடுத்து வைப்பாள். கிண்டல் பண்ணாமல் அதை எடுத்து வைக்க அவளால் முடியாது.

தோல் டாக்டர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். இந்த வேலையிலேயே இருந்தால் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்காமல் போகும், வேறு வேலை பாருங்கள் என்று. அண்ணன் தலையாட்டிவிட்டு வந்தார். நாற்பத்தெட்டு வயதில் தொட்டியைத் தவிர வேறு ஒன்றும் தெரியாதவர் எங்கே போய் வேறு வேலை பார்ப்பார்?

அந்த வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தது தங்கையைத்தான். ஊருக்கு வெளியே நொதி, அதாவது என்சைம், தயாரிக்கும் கம்பெனியின் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. பாலைத் தயிராக்கும் வேலையைக் கிருமி செய்கிற மாதிரி, கிருமிகள் சுரக்கும் நொதிகளைக்கொண்டு தொழிற்சாலை வேலைகளைச் செய்ய வைக்கும் கம்பெனி. நாள் பூராவும் குழிகள் நிறைந்த பிளாஸ்டிக் தட்டுகளோடு அவள் மல்லுக்கட்டுவதால் அண்ணி அவளுக்கு வைத்த பெயர் தட்டுக்காரி.

"எங்க வீட்டுல ஒருத்தர் தொட்டிக்காரர், ஒருத்தி தட்டுக்காரி. நடுவுல நான் ஒருத்திதான் சட்டிக்காரி" என்பாள் வருகிறவர்களிடம்.

தட்டுக்காரியின் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மெழுகோடு ஒட்டியிருக்கும் பசையை அரித்து மெழுகைக் கழற்றிவிடும் நொதி ஒன்று ஏற்கெனவே இருந்தது. கையில் பட்டால் ஒன்றும் செய்யாது. நல்ல பிள்ளைதான், ஆனால் வெயில் தாங்காத பிள்ளை. அறுபது டிகிரியிலேயே சுருண்டு விழுந்துவிடும். துணியின் மெழுகோ எழுபது டிகிரி இல்லாமல் இளகாது. ஆகவே அந்த நொதியைச் செய்யும் கிருமியின் மரபணுவில் கண்ணை மூடிக்கொண்டு இங்கொன்றும் அங்கொன்றுமாக மாற்றங்கள் செய்தார்கள். ஆயிரக்கணக்கான புதுக் கிருமிகள், ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறு மாதிரியான நொதியைச் சுரக்கும். தட்டு ஒன்றுக்குத் தொண்ணூற்றாறு குழி. குழிக்கு ஒரு நொதி. தட்டைச் சூட்டுப் பெட்டியில் எழுபது டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, எடுத்து ஆறவிட்டு, சாயம் கலந்த தீனியைப் போட்டால், உயிரோடு மிச்சமிருக்கும் நொதி மஞ்சள் காட்டும். செத்தது வெளிறிப்போய் இருக்கும்.

நாலு மாதத்தில் முப்பது தட்டுக்கு மேல் பார்த்தாள். எல்லாம் வெளிறல், அல்லது அரைகுறை மஞ்சள். பதினோராவது தட்டில், மேல் வரிசையின் முதல் குழி மட்டும் மஞ்சளென்றால் அப்படியொரு மஞ்சள். ஆய்வகத்தில் நொதிகளுக்குப் பட்டப்பெயர் வைப்பது வழக்கம். அதற்கு ராஜா என்று பெயர் வைத்தார்கள். மறுபடி சோதித்தார்கள், மறுபடியும் மஞ்சள். அதற்குப் பிறகு வந்தவற்றையெல்லாம் ராஜாவோடு ஒப்பிட்டு, அதில் முக்கால் பங்கு மஞ்சள் காட்டாதவற்றைக் கழித்துக்கட்டினார்கள்.

ராஜாவை நானூறு லிட்டர் வளர்த்தாயிற்று. காஸ்டிக்குக்குப் பதில் அதைப் போட்டுப் பார்க்கப் பட்டறை முதலாளி ஒருவழியாக ஒத்துக்கொண்டார். "ஒரே ஒரு நாள் தொட்டி தர்றேன். துணி சரியா வந்தா காஸ்டிக்க நிறுத்திடுறேன். வரலைன்னா இந்தப் பேச்சே இனிமே எடுக்கக் கூடாது." நாள் திங்கட்கிழமை. அண்ணி காலண்டரில் அதைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள்.

சனிக்கிழமை மதியம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சோறு, கீரை, ஆளுக்கு ஒரு முட்டை. வெளியே சோம்பலாகத் தூறிக்கொண்டிருந்தது. அண்ணன் கரண்டியால் முட்டையைத் துரத்திக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, உன் மருந்து எங்க தொட்டி பூராவும் ஒரே மாதிரி வேலை செய்யுமா?"

"ஏன் செய்யாது?"

"எங்க தொட்டியில கதவோரமா ஒரு மூலை இருக்கு. காத்து நேரா அங்கதான் அடிக்கும், மூடியும் அந்தப் பக்கம் சரியா உட்காராது. அந்த மூலையில நாலஞ்சு டிகிரி கம்மியா இருக்கும். அங்க கிடக்கிற துணி வேகாமயே வந்து நிக்கும்."

"மீட்டர் என்ன காட்டும்?"

"மீட்டர் நடுவுல இருக்கு. அது நிக்கிற எடத்துச் சூட்டை அது சொல்லும். மூலையில என்ன நடக்குதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? மொத வருஷம் அதை நம்பித்தான் திட்டு வாங்கினேன்."

"முதல்ல அந்த முட்டையப் பிடிங்க" என்றாள் அண்ணி. "தட்டைச் சுத்தி ஓடுது."

தங்கை சிரிக்கவில்லை. அவள் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. ஆய்வகத்துச் சூட்டுப் பெட்டி கண்முன்னே வந்தது. அதன் மூடியில் ஒரு மூலை போன வருஷம் உடைந்தது. ஏசி காற்று நேராக அந்த மூலையில்தான் விழும். தட்டின் முதல் குழி இருப்பதும் அந்த மூலையில்தான்.

சரி, ஒரு தடவை அப்படி அமைந்திருக்கலாம். மறுபடி மறுபடி சோதித்தார்களே? எங்கே வைத்துச் சோதித்தார்கள்? ஜெயித்த நொதியை எப்போதும் முதல் குழியில் வைக்க வேண்டும் என்று ஒரு வழக்கம். தேட வேண்டாம், எடுக்க லேசு, பெரியவருக்கு முதல் இடம் கொடுத்த மாதிரியும் இருக்கும். அந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவள் அவள்தான். பெரிய குழாயில் ஊற்றிச் சோதித்தபோதும் பழக்க தோஷத்தில் குழாயை அதே மூலையில்தான் செருகினாள். ராஜா ஒரு நாளும் அந்த மூலையை விட்டு நகர்ந்ததே இல்லை.

"என்னடி, கீரையில கல்லா?" என்றாள் அண்ணி.

"ஒண்ணுமில்ல அண்ணி. நாளைக்குக் காலையில லேப் வரைக்கும் போயிட்டு வரணும்."

"ஞாயித்துக்கிழமையா? அந்தத் தட்டுங்க உன்னை விட்டா ஏங்கிப் போயிடுமா?"

மறுநாள் காலை ஆய்வகத்தில் காவலாளியைத் தவிர யாருமில்லை. பெட்டியை எழுபதில் வைத்தாள். ஒரு தட்டில் வெறும் தண்ணீரை நிரப்பி உள்ளே வைத்து, கம்பி வெப்பமானியை ஒவ்வொரு குழியாக விட்டுப் பார்த்தாள். நடுவில் எழுபது. ஓரங்களில் அறுபத்தொன்பது. மற்ற மூன்று மூலைகளிலும் அறுபத்தொன்பதுதான். முதல் குழியில் அறுபத்தாறு. வெப்பமானியை மாற்றிப் பார்த்தாள். வேறு கையால் பிடித்துப் பார்த்தாள், கையிலா கோளாறு இருக்கிறது? அறுபத்தாறு அறுபத்தாறாகவே இருந்தது.

பிறகு ராஜாவை எடுத்து நடுக் குழியில் விட்டாள். அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம் எழுந்து எழுந்து ஜன்னலுக்குப் போனாள். எடுத்து, ஆறவிட்டு, தீனியைப் போட்டாள். குழி வெளிறியே இருந்தது. இன்னும் பத்து நிமிஷம் பார்த்தாள். செத்தவன் செத்தவன்தான்.

அவளுக்கு அழுகை வந்தது. நாலு மாத உழைப்பு போனதற்காக அழவில்லை. அண்ணி காலண்டரில் போட்ட வட்டத்தை நினைத்துத்தான் அழுதாள்.

நாளைக்கு இதைத் தொட்டியில் ஊற்றினால் பாதி வேலையில் செத்துவிடும். துணியில் சொட்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். முதலாளி அன்றோடு கதவைச் சாத்திவிடுவார். முகத்தைக் கழுவிக்கொண்டு, டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாள். டாக்டரம்மா என்றால் வைத்தியம் பார்க்கிறவர் இல்லை, ஆய்வகத்தின் தலைவி. படித்து வாங்கிய டாக்டர் பட்டம்.

அரை மணியில் அவர் வீட்டு உடையிலேயே, தலையைக்கூட ஒழுங்காக முடியாமல், வந்து சேர்ந்தார். தானே ஒரு தட்டில் தண்ணீர் நிரப்பி அளந்தார். அறுபத்தாறு.

"முதல் குழியில வைக்கிற பழக்கம் என்னோடது மேடம்" என்றாள் தட்டுக்காரி. "எழுதிக்கோங்க. என் பேர்லயே எழுதிக்கோங்க."

"ஆரம்பிச்சது நீ. நாலு மாசமா நான் தினமும் பாத்துட்டுத்தானே இருந்தேன்? ஒரு தடவை எடத்தை மாத்திப் பாருன்னு எனக்குத் தோணலையே. மேலிடத்துக்கு நான்தான் ரிப்போர்ட் அனுப்பினேன், ராஜா ராஜான்னு." அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "சரி, இந்த மூலையை உனக்கு யாரு காட்டினது?"

"எங்கண்ணன். தொட்டியில ஒரு மூலை ஆறிக் கிடக்குமாம்."

"அவரைக் கூட்டிட்டு வந்து இங்க உட்கார வச்சிருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. பிறகு அவரே கேட்டார். "மத்ததெல்லாம் எழுபதுல நின்னதுங்கதானே?"

"ஆமா. ஓரமா இருந்தா ஒரு டிகிரி முன்னப்பின்ன."

"அதுங்களை நாம எதோட ஒப்பிட்டுக் கழிச்சோம்?"

தட்டுக்காரி எழுந்தாள். நோட்டை எடுத்தாள். நிழலில் நின்றவனை அளவாக வைத்துக்கொண்டு வெயிலில் நின்றவர்களையெல்லாம் ஆகாதவர்கள் என்று தள்ளியிருக்கிறார்கள். பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். இருபத்திரண்டாவது தட்டு, நட்டநடுக் குழி. எழுபது டிகிரியில் அரை மணி நின்று பாதிக்கு மேல் மஞ்சள். பக்கத்தில் அவளே பென்சிலால் எழுதியிருந்தாள்: சோம்பேறி. சாதாரணச் சூட்டில் அதற்கு மஞ்சள் வர மற்றவற்றைப்போல இரண்டு மடங்கு நேரம் பிடித்ததால் வைத்த பெயர்.

கழித்த தட்டுகள் ஒரு மாதம் உறைபெட்டியின் அடித்தட்டில் கிடக்கும். பிறகு வெந்நீரில் அவித்துக் கொட்டிவிட வேண்டும். இருபத்திரண்டாம் தட்டைப் போன வெள்ளிக்கிழமையே கொட்டியிருக்க வேண்டியது. அது அவள் வேலைதான். திங்கட்கிழமைப் பரபரப்பில், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள்.

"சோம்பேறியைக் காப்பாத்தினது உன் சோம்பேறித்தனம்தான்" என்றார் டாக்டரம்மா. அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

சோம்பேறியைப் பெட்டியின் நடுவில் வைத்து, ஆறவிடாமல், அந்தச் சூட்டிலேயே தீனியைப் போட்டுப் பார்த்தார்கள். போட்ட கொஞ்ச நேரத்திலேயே மஞ்சள் ஏறியது. குளிரில் சுருண்டு கிடந்ததற்கு வெந்நீரில்தான் கை கால் அசைந்தது. ஆனால் ஒரு குழியில் இருப்பதைத் தொட்டி அளவுக்கு வளர்க்க நாலு வாரம் வேண்டும்.

வீட்டுக்குப் போய்ச் சொல்வதுதான் அவளுக்கு மலையாக இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே முழுவதையும் சொன்னாள். எங்கே உட்கார்ந்தால் பாதியை விழுங்கிவிடுவோமோ என்ற பயம்.

அண்ணிக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்போ இன்னும் ஒரு மாசம் அவரு கை வேகணும்?"

"ஆமா அண்ணி."

"ஏன், அந்த ராஜா அறுபத்தாறுல உயிரோட இருக்கான்ல? தொட்டி யாரு கையில இருக்கு? உங்கண்ணன் கையில. நாளைக்கு ஒரு நாள் நாலு டிகிரி குறைச்சு வச்சா என்ன? முதலாளி வந்து தொட்டுப் பாக்கப் போறாரா?"

அண்ணன் களிம்பு பூசிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அறுபத்தாறுல மெழுகு இளகாது. மருந்து உயிரோட இருந்து என்ன பண்ண? அந்த மூலைத் துணி மாதிரி மொத்தத் துணியும் வந்து நிக்கும். முதலாளி ஒண்ணும் தொட்டுப் பாக்க வேணாம். ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாத்தா போதும்."

"எல்லாம் தெரியுது உங்களுக்கு. உங்க கைய மட்டும் தெரியல" என்று அண்ணி உள்ளே போனாள். பாத்திரங்கள் அன்றைக்கு வழக்கத்தைவிடச் சத்தமாகப் பேசின.

"கோவமா அண்ணே?" என்றாள் தங்கை.

"யாரு மேல கோவப்பட? மூலையைச் சொன்னதே நான். வாயை மூடிக்கிட்டு முட்டையத் தின்னிருந்தா நாளைக்குக் காலையில வரைக்குமாவது சந்தோஷமா இருந்திருக்கலாம்." பிறகு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "செருப்பைக் கழட்டு. நாளைக்கு நானே முதலாளிகிட்டப் பேசுறேன்" என்றார்.

கம்பெனியிலிருந்து கடிதம் போவதற்கு முன்பே, திங்கட்கிழமை காலை அண்ணன் முதலாளி முன்னால் போய் நின்றார். மருந்து தயாராகவில்லை, ஒரு மாதம் தள்ளிவையுங்கள், அதே ஒரு நாள் போதும் என்றார். அன்று மதியம் வீட்டில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "உன் தங்கச்சி கம்பெனிக்காகப் பேசுறியான்னாரு. இல்லீங்க, இதுக்காகப் பேசுறேன்னு கையுறையைக் கழட்டிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பாத்தாரு. சரி போ, ஒரு மாசம்னாரு."

அந்த ஒரு மாதம் வீட்டில் மழைக்காலம் மாதிரி போயிற்று. அண்ணி சண்டை போடவில்லை, சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. சோற்றைப் போட்டாள், கீரையைப் போட்டாள், தட்டுக்காரி என்ற பெயரை மட்டும் எடுத்து எங்கோ வைத்துவிட்டாள். அண்ணன் தினமும் தொட்டிக்குப் போனார். மூன்றாவது வாரம் இடது கைச் சுண்டுவிரல் நிமிர்ந்தபடியே நின்றுவிட்டது. டாக்டர் அமுக்கிப் பார்த்தார். "இது இனிமே இப்படித்தான்" என்றார். தங்கை அன்றைக்கு வேலையிலிருந்து வந்து, அண்ணன் டம்ளரைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

ஆய்வகத்தில் இப்போது மூலைக் குழிகளில் நொதி வைப்பதில்லை. தண்ணீர் மட்டும்தான். ஜெயித்ததை ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் இடத்தில் வைத்தார்கள். சோம்பேறியை அவள் தட்டின் பத்து இடங்களில் வைத்துப் பார்த்தாள். எங்கே வைத்தாலும் அது ஒரே மாதிரிதான் நின்றது.

சோதனை நாளன்று அவள் முதல்முறையாகச் சாயப்பட்டறைக்குள் நுழைந்தாள். தொட்டியைச் சுற்றி ஒரே ஆவி. சோம்பேறியை ஊற்றி, எழுபது டிகிரிக்கு ஏற்றி, துணியை இறக்கினார்கள். ஒரு மணி நேரம். துணியை இறக்குவதற்கு முன்பே அண்ணன் கதவோரம் ஒரு பலகையைச் சாத்தி, மூடியின் இடைவெளியில் சாக்கைத் திணித்திருந்தார். "நாமளும் கொஞ்சம் ஒத்தாசை பண்ணணும்ல" என்றார்.

துணி வெளியே வந்தது. அலசிப் பிழிந்து, மேசையில் விரித்துக் காயவைத்தார்கள். முதலாளி தண்ணீர் டம்ளரில் விரலை நனைத்து நடுவில் ஒரு சொட்டு விட்டார். இறங்கிவிட்டது.

"மூலைத் துணி எது?" என்றார் அவர்.

அண்ணன் எடுத்துக் கொடுத்தார். முதலாளி சொட்டை விட்டார். அது உருண்டையாக உட்கார்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அண்ணன் வாய்க்குள் எண்ணுவது தங்கைக்குக் கேட்டது. நாலு சொல்வதற்குள் உருண்டை தட்டையாகி, அகன்று, துணிக்குள் இறங்கியது.

"காஸ்டிக்கைவிட ரெண்டு விநாடி லேட்டு" என்றார் முதலாளி.

"அது பேரே சோம்பேறிதாங்க" என்றார் அண்ணன்.

காஸ்டிக் பீப்பாய்கள் பட்டறையிலிருந்து வெளியேற மேலும் இரண்டு வாரம் ஆனது. வெடிப்புகள் மூட அதற்கு மேல் இரண்டு மாதம். சுண்டுவிரல் மட்டும் எல்லாவற்றுக்கும் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தது.

ஒரு சனிக்கிழமை மதியம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சோறு, கீரை, ஆளுக்கு ஒரு முட்டை. அண்ணி வழக்கம்போலக் கரண்டியை எடுத்துத் தட்டின் பக்கத்தில் வைத்தாள். அண்ணன் அதைப் பார்த்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, கீரையைச் சோற்றில் போட்டு, கையாலேயே பிசைந்து ஒரு வாய் வைத்தார். மடங்காத சுண்டுவிரலோடு இடது கை தரையில் ஊன்றியிருந்தது. வலது கையின் ஐந்து விரலும் சோற்றுக்குள் இருந்தன.

இரண்டு பெண்களும் சாப்பிடாமல் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணிதான் முதலில் கேட்டாள்.

"உப்பு?"

அவர் இன்னொரு வாய் பிசைந்து தின்றுவிட்டுச் சொன்னார். "கொஞ்சம் கம்மி."

அண்ணி சட்டென்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கரண்டியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "ஏய் தட்டுக்காரி" என்றாள், "பக்கத்துலதானே இருக்கு, அந்த உப்பை எடுத்து உங்கண்ணன் தட்டுல வை."